தோளில் தாங்கிய கண்

தொலைவிலுள்ள பொருளை அருகிற் காட்டும் நீண்ட வில்லையைக் கமராவிற் பொருத்தி, அதனைக் கையிற் பிடித்தவாறே பறவையொன்றைப் படமெடுக்க முயன்றோர் ஓர் உண்மையை விரைவில் உணர்ந்துகொள்வர். அவ்வில்லை பறவையை மட்டும் பெருக்கிக் காட்டுவதில்லை. பிடித்திருப்பவரது கை நடுக்கத்தையும் அதே அளவிற் பெருக்கிக் காட்டுகின்றது. 300 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய வில்லை ஒரு பாகையில் அறுபதிலொரு பங்கு அசைந்தாலே, படச்சுருளில் விழும் உருவம் ஏறத்தாழ 0.09 மில்லிமீற்றர் இடம்பெயர்ந்துவிடும். சிறு படச்சுருளிற் கூர்மைக்கு எல்லையாகக் கொள்ளப்படும் அளவு 0.03 மில்லிமீற்றரே. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு நடுக்கம் அவ்வெல்லையை மும்மடங்கு கடந்து படத்தைக் குழப்பிவிடுகின்றது. வில்லையின் பாரத்தாற் கை சோருந்தோறும் நடுக்கமும் மிகுகின்றது.

இதனை அடக்குதற்கு மூன்று வழிகள் உண்டு. கமராவை முக்காலியில் நிறுத்திவிடலாம். நடுக்கம் ஒழியும், ஆயின் நினைத்த திசையில் விரைந்து திரும்பும் பறவையைத் தொடர்தல் அரிதாகும். ஒற்றைக்காற் கோலொன்றின்மேல் வில்லையை இருத்தலாம். பாரம் நிலத்துக்குச் சென்றுவிட, திரும்பும் உரிமை கைக்கு எஞ்சும். இவ்விரண்டுக்கும் இடமில்லாதபோது, மனிதன் தன் உடலையே தாங்கியாக்கிக்கொள்ளல் வேண்டும். கருவியைத் தோளில் ஊன்றி, முழங்கைகளை விலாவோடு அணைத்து, மூச்சையடக்கி, பறவையோடு தானும் திரும்ப வேண்டும்.

இம்மூன்றாம் வழியை 1882ஆம் ஆண்டிலேயே ஒரு விஞ்ஞானக் கருவியின் வடிவில் நிலைநாட்டியவர் தொழில்முறைப் படப்பிடிப்பாளரல்லர். அவர் வைத்தியம் பயின்று உடற்றொழிலியல் ஆராய்ந்த பிரான்சு நாட்டு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே ஆவார். மனிதனுடைய கண்ணையும் கையையும் நம்பி இயற்கையை அளத்தல் ஆகாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். அத்தகையவர் தம் ஆராய்ச்சியின் மிகக் கடினமான கட்டத்தில், தம் தோளையும் கையையுமே துணைக்கொண்டு வானத்தை நோக்கி நின்றார். அந்நிலைக்கு அவரைக் கொண்டுசென்றது யாது என்பதே அவரது வரலாற்றின் சுவைமிக்க பகுதியாகும்.

திராட்சை நாட்டுச் சிறுவன்

பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போன் என்னும் சிறு நகரில், 1830 மார்ச் 5ஆந் திகதி மாரே பிறந்தார். தந்தையார் அவ்வூர் மது வாணிபத்தோடு தொடர்புடையவர். மகன் சமயக் குருவாக வேண்டுமென்பது தாயின் விருப்பம். வைத்தியனாக வேண்டுமென்பது தந்தையின் எண்ணம். மகனுடைய மனமோ பொறியியலை நாடிற்று. கையில் அகப்பட்டவற்றைக்கொண்டு சிறு பொறிகள் செய்து மகிழும் இயல்பு அவரிடம் இளமையிலேயே காணப்பட்டது.

முடிவில் தந்தையின் எண்ணமே நிறைவேறிற்று. 1849இல் வைத்தியம் பயில்வதற்காக அவர் பாரிஸ் சென்றார். எனினும் பொறியியலாளன் ஒருவன் அவருள் மறைந்தே வாழ்ந்தான். மனித உடலை அவர் நோய்களின் உறைவிடமாக மட்டும் காணவில்லை. குழாய்களும் அடைப்பிதழ்களும் நெம்புகோல்களும் நிறைந்ததோர் இயந்திரமாகக் கண்டார். குருதியோட்டம் பற்றி ஆராய்ந்து 1859இல் அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். நோயாளர்களைப் பார்த்துப் பொருளீட்டும் வாழ்வில் அவர் மனம் நிலைக்கவில்லை. நாடித்துடிப்பே அவரது முதற் காதலாயிற்று.

நாடியின் கையெழுத்து

நம் நாட்டு வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் முறையை நாம் அறிவோம். அம்முறையில் வைத்தியருடைய விரலே கருவி. அவருடைய அனுபவமே அளவுகோல். விரல் உணர்ந்ததை மற்றொருவருக்குக் காட்டவும் இயலாது. நாளை வரை காத்து வைக்கவும் இயலாது. ஐரோப்பிய வைத்தியரும் அக்காலத்தில் இந்நிலையிலேயே இருந்தனர்.

1860இல் மாரே இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். மணிக்கட்டின்மேல் மெல்லிய நெம்புகோலொன்றை இருத்தி, அதன் நுனி புகைக்கரி பூசிய தாளிற் கீறுமாறு அமைத்தார். நாடி எழும்போது கோல் எழுந்தது. நாடி தாழும்போது கோலும் தாழ்ந்தது. நகரும் தாளில் ஓர் அலைக்கோடு பிறந்தது. நாடி தன் கையெழுத்தைத் தானே எழுதிற்று! அதற்கு முன்னரும் நாடியை வரைய முயன்றோர் இருந்தனர். எனினும் அவர்களுடைய கருவிகள் பருத்துக் கனத்தவை. மாரேயின் கருவி இலேசானது, எங்குங் கொண்டுசெல்லத்தக்கது. விரைவில் அது ஐரோப்பிய வைத்தியர் பலரது கைகளை அடைந்தது.

அடுத்த சில ஆண்டுகளில், கால்நடை வைத்திய அறிஞர் ஓகுஸ்த் ஷோவோவுடன் கூடி, உயிருள்ள குதிரையின் இதய அறைகளினுள் அமுக்கம் மாறும் வகையையும் இவ்வாறே பதிவு செய்தார். பாரிஸில், முன்னர் நாடக அரங்காக விளங்கிய ஒரு பழைய கட்டடத்தில் 1864இல் தம் சொந்த ஆய்வுகூடத்தை அமைத்தார். அங்கே விலங்குகளும், சக்கரங்களும், இறப்பர்க் குழாய்களும், கரிபூசிய உருளைகளும் ஒருங்கே வாழ்ந்தன. 1869இல் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் உயர் கலாபீடத்திற் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது.

அக்காலமெல்லாம் அவர் போதித்த கொள்கை ஒன்றே. புலன்கள் மெதுவானவை; எளிதில் ஏமாறுபவை. விரைந்து நிகழ்வதையும் மிக நுண்ணியதையும் அவை பற்றமாட்டா. ஆகவே இயற்கையே நேராக எழுதும்படி கோலும் தாளும் கொடுத்துவிட்டு, மனிதன் விலகி நிற்றல் வேண்டும்.

கட்டுண்ட பறவை

நாடியிலிருந்து நடைக்கும், நடையிலிருந்து ஓட்டத்துக்கும், ஓட்டத்திலிருந்து பறத்தலுக்கும் அவரது ஆராய்ச்சி ஏறிச் சென்றது. குதிரையின் குளம்புகளிற் காற்றடைத்த இறப்பர் அறைகளைப் பொருத்தினார். குளம்பு நிலத்தில் ஊன்றுந்தோறும் காற்று குழாய்வழி ஏறிச் சென்று, குதிரையின்மேல் இருப்பவர் கையிலேந்திய கருவியிற் கோடு கீறிற்று. நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தைவிட்டு நீங்கும் கணம் குதிரையின் ஓட்டத்தில் உண்டென்பதை அக்கோடுகள் காட்டின. 1873இல் வெளிவந்த விலங்கியந்திரம் பற்றிய அவரது நூலில் இவையெல்லாம் விளக்கப்பட்டன.

பறவையோ குதிரையைப்போல் இணங்கவில்லை. மாரே புறாவுக்கும் பருந்தினத்துப் பறவைக்கும் சிறு கச்சு அணிவித்து, சிறகின் அசைவைக் குழாய்கள் வாயிலாகவும் கம்பிகள் வாயிலாகவும் பெற முயன்றார். சுழலும் நீண்ட சட்டமொன்றின் முனையிற் பறவையைப் பிணைத்து வட்டமாகப் பறக்கவிட்டார். கோடுகள் கிடைத்தன, சிறகின் நுனி செல்லும் வழியும் ஓரளவு தெளிவாயிற்று. ஆயினும் ஓர் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. கச்சணிந்து, குழாய் சுமந்து, சட்டத்திற் கட்டுண்டு பறக்கும் பறவை, வானிலே தன் விருப்பப்படி பறக்கும் பறவையாகுமா? அளப்பதற்காகப் பூட்டிய கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டதன்றோ?

இவ்வினா அவர் வளர்த்த முறையின் அடித்தளத்தையே தொட்டது. பறவையைத் தீண்டாமலே அதன் இயக்கத்தைப் பதிவு செய்யும் வழி ஒன்று வேண்டியிருந்தது. ஒளியொன்றே தீண்டாமல் எழுதும் கோல்.

குதிரைக்குப் பாதை உண்டு

1878 டிசெம்பரில், லா நாத்யூர் என்னும் விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளிவந்த சில படங்கள் மாரேயை வியப்பில் ஆழ்த்தின. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் பெருஞ் செல்வருமாகிய லீலண்ட் ஸ்டான்போர்ட் குதிரையோட்டத்தில் ஆர்வமுடையவர். மாரேயின் நூல் அவ்வார்வத்தை மேலும் வளர்த்தது. அவர் பொருளுதவ, எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்னும் படப்பிடிப்பாளர் ஓட்டப் பாதையோரம் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதைக்குக் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துச் செல்ல, கமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்து மூடின. மாரே கோடுகளாற் கூறியது படங்களால் மெய்யாயிற்று.

மாரே உடனே அச்சஞ்சிகையின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, மைபிரிட்ஜோடு தொடர்புகொள்ள விழைந்தார். பறவையைச் சுட்டு வீழ்த்தாமல் அதன் நிலைகளை மட்டும் அடுத்தடுத்துப் பிடிக்கும் படத்துப்பாக்கி ஒன்றைத் தாம் கனவு காண்பதாகவும் அதிலே குறிப்பிட்டார். 1881இல் மைபிரிட்ஜ் பாரிஸ் வந்தார். மாரே அவரைத் தம் இல்லத்தில் வரவேற்று, விஞ்ஞானிகளும் கலைஞரும் கூடிய சபையில் அவருடைய படங்களைக் காட்டச் செய்தார். ஆயினும் பறவைகளின் படங்கள் மாரேக்கு மனநிறைவளிக்கவில்லை. அவை ஒவ்வொன்றும் ஒரு கணத்தைப் பிடித்தனவேயன்றி, ஒரே சிறகடிப்பின் தொடர்ச்சியைக் காட்டவில்லை.

காரணம் வெளிப்படை. குதிரைக்குப் பாதை உண்டு. கமராக்களை அப்பாதையோரம் முன்கூட்டியே நிறுத்திவிடலாம். பறவைக்கு வானம் முழுவதும் பாதை. அது எங்கே திரும்பும், எப்போது தாழும் என்பதை எவர் அறிவார்? கமராக்களின் வரிசை அங்கே பயன்படாது. ஒரே கமரா பறவையோடு கூடவே திரும்ப வேண்டும். திரும்பும்போதே பல படங்களை எடுக்கவும் வேண்டும்.

இரண்டாவது தேவைக்கு வழிகாட்டியவர் வானியல் அறிஞர் ஜூல் ஜான்சென். 1874 டிசெம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றபோது, அதனைப் பதிவு செய்வதற்காக ஜப்பானில் அவர் ஒரு சுழற்கமராவைப் பயன்படுத்தினார். வட்டத் தகடொன்று விட்டுவிட்டுச் சுழன்று 72 செக்கனில் 48 படங்களைப் பெற்றது. அக்கருவி பறவையின் சிறகையும் ஆராய உதவுமென்று ஜான்செனே பின்னர் எடுத்துக் கூறினார். ஆனால் அவரது கருவி நிலைத்த தாங்கியில் அமர்ந்து, மெல்ல நகரும் கோளை நோக்கியது. மாரேக்கு வேண்டியது ஒரு செக்கனுக்குள் பன்முறை இயங்குவதும், மனிதன் ஏந்தி நிற்கக்கூடியதுமான கருவி.

சுடாத துப்பாக்கி

மாரே குளிர்காலத்தை இத்தாலியிலே கழிப்பதுண்டு. நேப்பிள்ஸ் நகரை அடுத்த போசிலிப்போவில், கடலை நோக்கிய குன்றுப்புறத்தில் அவருக்கு ஒரு மனை இருந்தது. 1882இன் தொடக்கத்தில் அங்கேயே அவரது படத்துப்பாக்கி உருப்பெற்றது.

அதன் வடிவம் வேட்டைத் துப்பாக்கியின் வடிவமே. குழலினுள்ளே குண்டுக்குப் பதிலாக நீண்ட குவியத்தூரமுடைய வில்லை இருந்தது. குழலை நீட்டியும் குறுக்கியும் உருவத்தைத் தெளிவாக்கலாம். குழலின் அடியில், வேட்டைத் துப்பாக்கியிலே தோட்டா இருக்கும் இடத்தில், வட்டமான பெட்டியொன்றினுள் மணிக்கூட்டுப் பொறி அமைந்திருந்தது. விசையை அழுத்தியதும் பொறி ஓடத் தொடங்கும். நுண்ணிய பிளவுடைய கருந்தட்டு ஒன்று செக்கனுக்கு 12 முறை சுழலும். அதன் பின்னேயுள்ள ஒளியுணர் கண்ணாடித் தகடு ஒவ்வொரு படத்துக்கும் ஒருகணம் நின்று, மீண்டும் நகரும். இவ்வாறு ஒரு செக்கனில் 12 படங்கள் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பதிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒளி பட்ட நேரம் செக்கனில் 720இல் ஒரு பங்கு. ஜெலற்றின் பூசிய உலர்தகடுகள் அக்காலத்திற் புதிதாக வழக்குக்கு வந்திருந்தமையாலேயே இத்துணை விரைவு கைகூடியது. 25 தகடுகள் கொண்ட மூடிய பேழையொன்றும் உடனிருந்தது. வெளிச்சம் படாமலே தகட்டை மாற்றிக்கொள்ளலாம்.

துப்பாக்கியின் பின்பகுதி மரத்தாலான தோட்கட்டை. அதனைத் தோளில் ஊன்றி, கன்னத்தை அணைத்து, குழலை இடக்கையில் ஏந்தி, கடற்காகம் ஒன்றைக் குறிவைத்து, அது செல்லும் திசையெல்லாம் உடலைத் திருப்பி, தக்க தருணத்தில் மாரே விசையை அழுத்தினார். வெடியோசை எழவில்லை, பறவையும் வீழவில்லை. கடற்கரையிலே துப்பாக்கியேந்தி நாள்முழுதும் குறிபார்த்தும் ஒரு பறவையையேனும் வீழ்த்தாத அப்பெருமகனை அயலவர் பித்தரென்று எண்ணி நகைத்தனராம்.

தகடுகளோ பித்தரின் வேலையைக் காட்டவில்லை. கடற்காகம் செக்கனுக்கு மூன்று முறை சிறகடித்தது. ஆகவே ஒவ்வொரு சிறகடிப்புக்கும் நான்கு நிலைகள் தகட்டில் விழுந்தன. சிறகு உயர்ந்து நிற்பதும், தாழ்வதும், மடங்குவதும், மீண்டும் எழுவதும் வரிசையாகத் தோன்றின. குதிரை, கழுதை, நாய், நடக்கும் மனிதர், ஈருருளியிற் செல்வோர் என எல்லோரும் அத்துப்பாக்கிக்கு இலக்காயினர். 1882 ஏப்பிரலில் லா நாத்யூர் சஞ்சிகை இக்கருவியை உலகுக்கு அறிமுகஞ் செய்தது.

நிலை என்பது யாது?

இங்கே சிறிது நின்று சிந்தித்தல் தகும். மாரே முன்னர் பறவையைக் கருவியோடு பிணைத்தார். இப்போது பறவையை விடுவித்துக் கருவியைத் தம் உடலோடு பிணைத்துக்கொண்டார். கட்டுப்பாட்டை ஏற்றவர் ஆராய்ச்சியாளரே. அந்த மாற்றமே உண்மையான பறத்தலை அவருக்கு அளித்தது.

துப்பாக்கி வடிவத்தை அவர் விளையாட்டாகத் தேர்ந்தவரல்லர். பறப்பதைத் தொடர்ந்து குறிவைக்கும் கலையை வேடர் பல தலைமுறைகளாகப் பழகி வந்துள்ளனர். அவர்தம் கருவியின் வடிவிலே அக்கலை முழுவதும் உறைந்து கிடந்தது. தோட்கட்டை பாரத்தின் ஒரு பகுதியை உடலிற் சேர்க்கின்றது. கன்னம் கட்டையிற் படிவதால் கண்ணும் குழலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. முன்கை குழலின் பாரத்தைக் கீழிருந்து ஏற்கின்றது. தோள், கன்னம், கை என்னும் மூன்றும் கூடித் தாங்கும்போது, கைமட்டும் தாங்குகையில் எழும் நடுக்கம் பெரிதும் அடங்கிவிடுகின்றது. எஞ்சிய நடுக்கத்தை 720இல் ஒரு பங்கு என்னும் குறுநேரம் விழுங்கிவிடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. கருவியை மலைபோல் அசையாது நிறுத்தினால், பறவை அதன் பார்வையைக் கடந்து ஓடிவிடும். கருவி பறவையின் விரைவோடு தானும் திரும்பினாற்றான், படத்தகட்டிற் பறவை நிலைத்து நிற்கும். அப்போது அசைவது பின்னணியே. ஓடும் வண்டியில் அருகருகே அமர்ந்த இருவர் ஒருவரையொருவர் தெளிவாகக் காண்பது எவ்வாறோ, அவ்வாறே இதுவும். அசையும் பொருளை நோக்குவோனுக்கு நிலை என்பது அதனோடு ஒத்து அசைதலேயாகும். இந்த ஒத்திசைவைத் தரக்கூடிய பொறி 1882இல் எவரிடமும் இருக்கவில்லை. பயிற்சி பெற்ற மனித உடலொன்றே அதனைத் தரவல்லதாயிருந்தது. புலன்களை ஐயுற்ற மாரே, உடலின் இத்திறனை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

துப்பாக்கியை வைத்துவிட்டார்

எனினும் அவர் தம் வெற்றியில் மயங்கியிருக்கவில்லை. துப்பாக்கியிற் கிடைத்த உருவங்கள் மிகச் சிறியவை. பெரிதாக்கினாற் கருநிழலாகவே தோன்றின. கண்ணாடித் தகடு பாரமானது. செக்கனுக்கு 12 முறை அதனை ஓடச்செய்து நிறுத்துவதே பொறிக்குப் பெருஞ்சுமை. தகட்டைப் பெரிதாக்கினால் விரைவு குறையும். விரைவைக் கூட்டினால் தகட்டைச் சிறிதாக்க வேண்டும். இம்முட்டுப்பாட்டைக் கண்ட மாரே அவ்வாண்டிலேயே வேறு வழியில் இறங்கினார்.

அரசினதும் பாரிஸ் மாநகர சபையினதும் உதவியுடன், புலோன் வனத்தை அடுத்து உடற்றொழிலியல் நிலையமொன்று அமைந்தது. ஜோர்ஜ் தெமெனி என்பவர் அங்கே அவருக்குத் துணைவராயினார். இப்போது கமரா தண்டவாளத்தில் நகரும் ஒரு சிற்றறையினுள் இடம்பெற்றது. எதிரே கருமை பூசிய ஆழ்ந்த மண்டபம். அதன் முன்னே வெண்ணிற ஆடை அணிந்த மனிதர் நடந்தனர், ஓடினர், தாண்டினர். பிளவுடைய தட்டு சுழல, ஒரே தகட்டிலே அடுத்தடுத்த நிலைகளெல்லாம் விசிறிபோல் விரிந்து பதிந்தன. பின்னர் கரிய உடையின்மேல் வெண்கோடுகளை மட்டும் வரைந்து, உடலின் அசைவைக் கோடுகளாகவே பெற்றார். தாளிற் கீறிய பழைய நெம்புகோல் ஒளியின் வடிவில் மீண்டு வந்ததுபோலும்.

கடற்காகத்தை அவர் மறந்தாரல்லர். மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், முன்னிருந்தும் அதனைப் படமெடுத்து, அவற்றைக்கொண்டு பறத்தலின் தொடர்நிலைகளை வெண்கலச் சிற்பமாகவும் ஆக்குவித்தார். 1888 அக்டோபரில், கண்ணாடிக்குப் பதிலாக நீண்ட தாட்சுருளிற் பிடித்த தொடர்படங்களை விஞ்ஞானக் கழகத்துக்குக் காட்டினார். துப்பாக்கியைத் தடுத்த பாரம் இவ்வாறு தீர்ந்தது. 1890இல் செலுலோயிட் சுருள் பயன்பட்டது. அதே ஆண்டில் பறவைகளின் பறத்தல் பற்றிய அவரது பெருநூல் வெளியாயிற்று.

சுருளிலே தொடர்படம் பிடிக்கும் கருவி கைகூடிய பின்னர், அதனைத் திரையிற் காட்டிப் பொருளீட்டும் எண்ணம் பலருக்கு எழுந்தது. 1889இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த எடிசன் மாரேயின் பணியைக் கண்டு சென்றார். துணைவர் தெமெனியும் அவ்வழியை நாடினார். 1894இல் இருவரும் பிரிந்தனர். 1895 டிசெம்பர் 28ஆந் திகதி லூமியேர் சகோதரர் பாரிஸிலே கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். மாரே அதிற் பெரிதும் ஈடுபடவில்லை. கண்ணாற் காணக்கூடிய இயக்கத்தைத் திரையில் மீண்டும் காண்பதால் விஞ்ஞானத்துக்கு யாது பயன் என்பதே அவரது எண்ணமாயிருந்தது. கண் காணாததைக் காண்பதே அவர் நாட்டம். 1894இல் அவர் வெளியிட்ட பூனைப் படங்கள் இதற்குச் சான்று. தலைகீழாக விடப்பட்ட பூனை வீழும் இடையிலேயே உடலை முறுக்கிக் காலூன்றி நிற்கும் விந்தை, அப்படங்களாற் படிப்படியாக விளங்கிற்று.

அந்திக் காலம்

முதுமையிலும் அவரது ஆர்வம் ஓயவில்லை. கண்ணாடிச் சுவருடைய பெட்டியொன்றினுள் மெல்லிய புகைக்கோடுகளைச் செலுத்தி, எதிர்ப்படும் பொருள்களைச் சுற்றிக் காற்று வளைந்து செல்லும் விதத்தைப் படமாக்கினார். சிறகை ஆராய்ந்தவர் சிறகைத் தாங்கும் காற்றையே காண முயன்றமை பொருத்தமே.

விலங்கியந்திரம் பற்றிய அவரது நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கடல் கடந்து, ஒகாயோவில் ஈருருளி விற்ற சகோதரர் இருவரின் இல்லத்தை அடைந்திருந்தது. பறத்தல் பற்றி மேலும் அறிய விரும்பி 1899இல் வில்பர் ரைட் எழுதிய கடிதத்தில், தாம் முன்னரே பயின்ற நூல்களுள் மாரேயின் நூலையும் குறித்திருந்தார். 1903 டிசெம்பர் 17ஆந் திகதி ரைட் சகோதரரின் விமானம் எழுந்தது. 1904 மே மாதத்தில், தமது 74ஆவது வயதில், மாரே பாரிஸிற் காலமானார். மனிதன் பறந்துவிட்ட உலகில் அவர் ஐந்து மாதங்கள் வாழ்ந்திருந்தார்.

தோளின் வழிவந்தவை

மாரே கைவிட்ட படத்துப்பாக்கியின் வடிவம் அவரோடு மறையவில்லை. 1890க்குப் பின்னர், உண்மையான தொலைவுப்பட வில்லைகள் ஆக்கப்பட்டு நாளடைவிற் பரவியபோது, பாரத்தைத் தாங்கும் வினா மீண்டும் எழுந்தது. விடையும் மீண்டும் தோளையே நாடிற்று. 1965 முதல் சோவியத் நாட்டிற் செய்யப்பட்ட போட்டோஸ்னைப்பர் என்னும் கருவியில், 300 மில்லிமீற்றர் வில்லையும் கமராவும் தோட்கட்டையொன்றிற் பொருத்தப்பட்டிருந்தன. விசையை விரலால் அழுத்தினாற் கமரா இயங்கும். மாரே கண்டிருந்தால் அதனைத் தம் பெயரன் என்று அடையாளங் கண்டிருப்பார்.

பாரமான வில்லையை ஏந்துவோர் இன்று பயிலும் விதிகளிலும் அவரது அனுபவம் ஒலிக்கின்றது. இடக்கையை வில்லையின் கீழே, பாரம் சமநிலைப்படும் இடத்தில் வைத்தல் வேண்டும். முழங்கைகள் உடலோடு ஒட்ட வேண்டும். ஒரு பாதத்தை முன்வைத்து, இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். ஒற்றைக்காற் கோல் இருந்தால், அதனைச் சற்றே முன்சாய்த்து ஊன்றி, தம் இரு கால்களையும் சேர்த்து மூன்று கால்களாகக் கொள்ளல் வேண்டும். சிறு படச்சுருளில் 300 மில்லிமீற்றர் வில்லைக்கு, ஒளிபடும் நேரம் செக்கனில் 300இல் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பழகியோர் வகுத்த பொதுவிதி. 1995 முதல் தனிக்கமராக்களுக்குரிய மாற்றுவில்லைகளிலேயே நடுக்கத்தை உணர்ந்து திருத்தும் பொறிகளும் வந்துவிட்டன. அவை நடுக்கத்தைக் குறைக்கும். பறவையின் போக்கை முன்னுணர்ந்து திரும்பும் வேலையைப் பயின்ற உடலே இன்னும் பெரிதும் செய்கின்றது.

மாரேயின் வாழ்வை ஒருங்கு நோக்கும் மாணவர்க்கு அதிலே ஒரு பாடம் உண்டு. அளக்க விரும்புவோன் அளக்கப்படுவதைத் தன் வசதிக்கேற்பக் கட்டிவைத்தல் எளிது; தன்னை அதன் இயல்புக்கேற்பப் பழக்கிக்கொள்வது கடினம். போசிலிப்போக் குன்றில், அயலவர் நகைப்புக்கு நடுவே, அந்த வைத்தியர் கடினமான வழியைத் தேர்ந்தார். கடற்காகங்கள் தம் விருப்பப்படியே பறந்தன. அவர் தோளிலே பாரத்தைத் தாங்கி, அவற்றோடு திரும்பினார்.